கரண்ட் மாஷி

பவானிபூரில் நான் குடியிருந்த கட்டடத்தில் எல்லாரும் அவரைக் 'கரண்ட் மாஷி' என்றுதான் சொல்வார்கள். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி, பெரியம்மா. மின்சாரத்துக்கும் அவர் பார்த்த உத்தியோகத்துக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. எந்தப் புதுப்பொருளைக் கண்டாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வியால் வந்த பெயர் அது. "கரண்ட் போனா?"

நான் கோவில்பட்டிக்காரன். கொல்கத்தாவில் ஐ.டி. வேலை கிடைத்து, அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வீடு பிடித்து, அட்டைப்பெட்டிகளோடு வந்து நின்ற அன்று எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் ஒரு சின்ன டார்ச். பெட்டியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படித்துவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"தனியாவா வந்திருக்கே? சமையல் எதுல?"

"இண்டக்‌ஷன் ஸ்டவ் இருக்குங்க."

"கரண்ட் போனா?"

"இந்தப் பக்கம் போகவே போகாதுன்னு வீட்டு ஓனர் சொன்னாரே."

"சொல்லுவார்," என்றார். சாயங்காலம் ஒரு பழைய திரி ஸ்டவ்வையும் பாட்டிலில் மண்ணெண்ணெயையும் என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல அவர் அங்கே நிற்கவில்லை.

அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து கரக்பூர் ரயில்வேக்கு வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் வங்காளத்தில். தமிழ் வீட்டுக்குள் மட்டும். கோபம் வந்தால் வங்காளம். 'மாமி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பதால், என் அம்மாவைவிடப் பெரியவர் என்றாலும் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனிதர். அவரை சார் என்பேன்.

"எங்க பொண்ணைப் பார்க்க ஒரு பையன் வந்தான் தம்பி," என்று சார் ஒருநாள் ஆரம்பித்தார். "என்ன வேலைன்னு கேட்டோம். எல்லார் ஃபைலையும் க்ளவுட்ல பத்திரமா வச்சிருக்கிற வேலைன்னான். இவ சொஜ்ஜித் தட்டைக் கையில வச்சுக்கிட்டே கேட்டா பாரு, கரண்ட் போனான்னு!"

அக்கா சிரிக்கவில்லை. "அவனும் பதில் சொல்லலையே," என்றார்.

வந்த புதிதில் இது ஒரு வயசான அம்மாளின் கிறுக்கு என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவருக்கு மின்சாரத்தைவிடப் பெரிய பகை இரண்டு சொற்களோடு இருந்தது. ஒருமுறை அவர் காபி குடிக்கக் கூப்பிட்டார். நான் லேப்டாப்பை மூடாமலே, "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்க்கா" என்று குரல் கொடுத்தேன். நேரே என் அறைக்குள் வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"ரெண்டு நிமிஷம்னு சொல்லாதே. வர முடிஞ்சா வா. முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. ரெண்டு நிமிஷம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே."

நான் அப்போதே எழுந்து போனேன். காபி நன்றாக இருந்தது. லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க் கடையில் வறுத்து அரைத்த தூள். ஆனால் எப்போது எழுந்து போகலாம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வீடே அப்படித்தான். ஜன்னல்கள் பெரியவை, காற்று நன்றாக வரும், இருந்தாலும் உள்ளே போனால் ஏதோ ஒன்று நம் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருக்கும்.

அவர் டல்ஹவுசி பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் அந்தக் காலத்தில் ஒரே போர்டுக்குத்தான் வரும். அவர்தான் எடுத்து, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு இணைப்பார். அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கே போன் அடித்தாலும் அவரால் அடிக்க விட முடியாது. முதல் மாடியில் ஒரு பெரியவர் இறந்துபோன அன்று கட்டடமே அந்தக் கூடத்தில் கூடியிருந்தது. திடீரென்று அலமாரிமேல் இறந்தவருடைய செல்போன் அடித்தது. அவர் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அடித்து நின்று, மறுபடி அடித்தது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எடுத்தார்.

"அவர் காலையில இறந்துட்டார்," என்றார் வங்காளத்தில், நிதானமாக. "நான் மேல் வீட்டுக்காரி. நீங்க யாரு? உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? இருந்தா, உக்காருங்க."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அது ஓய்கிற வரைக்கும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவர்மேல் ஒரே நேரத்தில் மரியாதையும் பயமும் வந்தது.

அவர் லிஃப்டில் ஏற மாட்டார். மூட்டு வலியோடு, காய்கறிப் பையோடு, மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து படியேறுவார். சார் லிஃப்டில் போய்க் கதவைத் திறந்து, டீ போட்டு, கோப்பையோடு படிக்கட்டுத் தலைப்பில் வந்து நிற்பார். "மகாராணி இன்னும் முதல் மாடியே தாண்டலை" என்று மேலிருந்து குரல் கொடுப்பார்.

இழுத்து மூடுகிற கம்பிக் கதவு வைத்த அந்தப் பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதுசு போடலாம் என்று கட்டடக் கமிட்டி முடிவு செய்தபோதுதான் பெரிய சண்டை வந்தது. பளபளவென்று எஃகுப் பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு நிறத்தில் ஆபத்துப் பொத்தான்.

"அழுத்தினா நேரா கம்பெனிக்கே அழைப்பு போகும் மாஷி," என்றார் கமிட்டிச் செயலாளர்.

"கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்கு. அதுவே பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துடும்."

"பேட்டரி செத்தா?"

செயலாளருக்கு அலுத்துவிட்டது. "இவ்வளவு யோசிச்சா மனுஷன் வாழவே முடியாது மாஷி."

"ஆமா, முடியாது," என்றார் அக்கா.

மறுநாளே சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய பள்ளிக்கூட மணி மாதிரி ஒரு மின்சார மணி வாங்கிவந்தார். லிஃப்டோடு ஏறி இறங்குகிற கேபிளில் உபயோகமில்லாமல் கிடந்த இரண்டு கம்பிகளை மெக்கானிக் அவருக்காக இழுத்துக் கொடுத்தார். லிஃப்டுக்குள் ஒரு வெள்ளைப் பொத்தான். அவர் சமையலறையில் மணி. அதற்கு டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டைகள். அவ்வளவுதான் அந்த இயந்திரம். மாதம் பிறந்தால் கட்டைகளை மாற்றுவார். கட்டடத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அதை வேண்டுமென்றே அழுத்தி விளையாடினார்கள். ஒவ்வொரு தடவையும் அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கி ஓடுவார். கதவு திறந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். மூச்சு வாங்க நின்று அவர்களைப் பார்ப்பாரே தவிரத் திட்ட மாட்டார்.

"நல்லா அடிக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறுவார்.

சாருக்குத்தான் அவமானமாக இருக்கும். "விட்டுடேன். எத்தனை நாளைக்கு ஓடுவே?" என்று ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார். அந்த ஒரு முறைதான் அவர் குரலில் சிரிப்பில்லாமல் கேட்டேன்.

அந்தப் புயல் வந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆபீஸில் மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் கட்டடத்துக்குள் நுழையும்போது காற்று ஊளையிட ஆரம்பித்திருந்தது. சார் கீழே ஸ்கூட்டரைச் சுவரோரம் கட்டி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருமாக லிஃப்டில் ஏறினோம். முதல் மாடியைத் தாண்டி, இரண்டாவது மாடிக்கு முன்னால் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. நின்றுவிட்டது.

"பேட்டரி வேலை செய்யும் பாரு," என்றார் சார். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கொசு மாதிரி ஒரு சத்தம் வந்து அதுவும் செத்தது. போனில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டிக் கத்தினோம். வெளியே ஜன்னல்கள் அடித்துக்கொள்கிற சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. கதவின் இடுக்கில் விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் சுவர். மேலேயிருந்து மழைத்தண்ணீர் லிஃப்டின் தலையில் கொட்டி, விளக்கு இருந்த ஓட்டை வழியாக எங்கள் தோளில் ஒழுகியது.

"சார், அக்காவோட மணி..." என்று கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. கொஞ்சம் பொறு. கரண்ட் வந்துடும்."

"ஏன் சார்?"

செல்போன் வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குத் தெரியாத ஒருவருடைய முகமாக இருந்தது. "அவ ஆபீஸ்ல ஒருநாள் தீப்பிடிச்சுது. கீழ் மாடியில. கரண்டை நிறுத்திட்டாங்க. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, உள்ளே மூணு பேர். அந்த லிஃப்டுல ஒரு போன் உண்டு, நேரா இவ போர்டுக்கு. போர்டுக்குத் தனி பேட்டரி, அதனால அது மட்டும் வேலை செஞ்சுது. அவங்க இவகிட்டப் பேசினாங்க. இவ ஃபயர் சர்வீசுக்குச் சொன்னா, மேலதிகாரிகிட்டச் சொன்னா. அவர் என்ன சொன்னார் தெரியுமா? அவங்களைப் பயப்படாம பார்த்துக்க, ரெண்டு நிமிஷத்துல ஆள் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருன்னார். சொன்னா. எல்லாரும் ஓடின பிறகும் உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தா. ஆள் வரலைன்னு இவளுக்குத் தெரியும். அப்புறம் அந்தப் பக்கம் பேச்சு நின்னுபோச்சு. இவளை ஜன்னல் வழியா ஏணி வச்சு இறக்கினாங்க."

"அவங்க?"

அவர் நெற்றியில் ஒழுகிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "அந்த மணி அடிச்சா அவளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பிள்ளைங்க விளையாட்டா அடிச்ச அன்னிக்கெல்லாம் அவ சாப்பிட்டதில்லை. நிஜமாவே நான் உள்ளே இருந்துக்கிட்டு அடிக்கணுமா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஆஸ்துமாக்காரர், இன்ஹேலர் வீட்டில். சட்டைப் பட்டன்களைக் கழற்றிவிட்டுச் சுவரில் சரிந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மூச்சும் ஒரு சின்ன விசில். அதற்குமேல் நான் அவரைக் கேட்கவில்லை. வெள்ளைப் பொத்தானை அழுத்தினேன். எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

தலைக்குமேல் இரண்டாம் மாடிக் கதவில் டார்ச்சால் தட்டுகிற சத்தம் வந்தது.

"யாரு உள்ளே?"

"நான்தான்க்கா. சாரும் இருக்கார்."



"அவர் மூச்சு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான்... இருக்கேன்," என்றார் சார், தரையிலிருந்து.

"பொய் சொல்லாதீங்க. தம்பி, நீ சொல்லு."

"இரைக்குதுக்கா. ரொம்ப."

"சரி. உக்காரவச்சே வை, படுக்க விடாதே. நான் மொட்டை மாடிக்குப் போறேன். என்னால முடியுமான்னு தெரியாது. எவ்வளவு நேரம் ஆகும்னும் தெரியாது. லிஃப்ட் ஆடும். ஆடினா அது நான்தான்."

அவ்வளவுதான். காலடிச் சத்தம் மேலே போய் மறைந்தது. இதோ வந்துட்டேன், பயப்படாதே என்று அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த இருட்டில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. சார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, விசில்களுக்கு நடுவே, "அவ போயிருக்கா," என்றார். "அவ போனா முடிச்சுட்டுத்தான் வருவா."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று லிஃப்ட் உதறிக்கொண்டு கீழே இறங்கியது. சார் அலறினார். நின்றது. பிறகு, நம்பவே முடியாதபடி, மெல்ல மேலே நகர்ந்தது. ஒரு சாண் ஏறும், நிற்கும். மறுபடி ஒரு சாண். கதவிடுக்கில் சுவர் கீழே நழுவிப் போவதைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சுவர் முடிந்து ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. நின்றது. கட்டடக் காவலாளி தர்வான் தடதடவென்று படியிறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். இரண்டாம் மாடிக்காரப் பெண் இன்ஹேலரோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சார் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதால், மணி கேட்டதுமே அக்கா அதைக் கையோடு கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறார்.

மொட்டை மாடி அறையில் இருந்த லிஃப்டின் மோட்டாரில், கையால் சுற்றுவதற்கென்றே ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருந்ததாம். பெட்டியையும் கதவையும் மாற்றினார்களே தவிர மோட்டார் பழசுதான். தர்வான் பிரேக்கை நெம்பிப் பிடித்துக்கொள்ள, அக்கா சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார். முதலில் தப்பான பக்கம் சுற்றிவிட்டார். அதுதான் நாங்கள் இறங்கியது. மணி மாட்டிய அன்றே மெக்கானிக்கிடம் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார், ஆனால் ஒரு தடவைதான் பார்த்திருந்தார்.

அவர் கடைசியாக இறங்கி வந்தார். புடவை உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சார் மூச்சு திரும்பிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவரை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா அவரைக் கடந்து போனார். திறந்து கிடந்த லிஃப்டின் வாசலில் நின்று, டார்ச்சை உள்ளே அடித்தார். ஒவ்வொரு மூலையாக, தரையிலிருந்து மேல் வரைக்கும், யாரும் மிச்சமில்லை என்று உறுதியாகிற வரைக்கும். அப்புறம்தான் திரும்பிவந்து சாரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்தார். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மறுநாளும் கரண்ட் வரவில்லை. செல்போன் கோபுரங்கள் எதுவும் வேலை செய்யவில்லை. கட்டடத்தில் உயிரோடு இருந்தது அக்கா வீட்டு லேண்ட்லைன் ஒன்றுதான். படிக்கட்டு வரைக்கும் ஜனம் வரிசையில் நின்றது. என் முறை வந்ததும் கோவில்பட்டிக்குப் பேசினேன். இங்கே ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரிசீவர் என் கையிலிருந்து போய்விட்டது.

"நான் எதிர்வீட்டு அக்கா பேசறேன்மா. நேத்து லிஃப்டுல மாட்டிக்கிட்டான். ரொம்ப பயந்துட்டான். இப்ப வெளியில வந்துட்டான். இனிமே அவன் சொல்றதைக் கேளுங்க, நிஜமாத்தான் இருக்கும்."

வரிசை கரைந்த பிறகு, சமையலறையில் அந்தத் திரி ஸ்டவ் மாதிரியே இன்னொன்றில் காபி வைத்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். தம்ளரைப் பிடிக்க முடியாமல் மேஜைமேலேயே வைத்தார். என்னவோ சொல்ல வேண்டும் என்று, "உங்க மணிதான்க்கா எங்களைக் காப்பாத்துச்சு" என்றேன்.

"மணி இல்ல," என்றார். "அன்னிக்கு ஆபீஸ்லயும் போன் மணி நல்லாத்தான் அடிச்சுது."

சார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு சீராக வருகிறதா என்று ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அவர் உனக்குச் சொல்லியிருப்பார். ஆனா அவருக்கு முழுசாத் தெரியாது. தீப்பிடிச்சு ரொம்ப வருஷம் கழிச்சு அந்த பில்டிங் லிஃப்ட்காரனை பஸ்ஸுல பார்த்தேன். அன்னிக்கு அவன் லீவு. அழுதான். நான் இருந்திருந்தா மேல போய்ச் சக்கரத்தைச் சுத்தி லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து வெளியில எடுத்திருப்பேனேன்னான். என்ன சக்கரம்னு கேட்டேன்."

தம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"என் போர்டு இருந்த ரூம்லேருந்து ஒரே ஒரு மாடி ஏறினா மொட்டை மாடி தம்பி. மேல் படிக்கட்டுல புகை வர ரொம்ப நேரமாச்சு. சக்கரம் அங்கேயே இருந்திருக்கு, எண்ணெய் போட்டு. சுத்தறதுக்கு நானும் இருந்தேன், சின்ன வயசு, நல்ல கை. அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் உக்காந்து போன்ல பேசிக்கிட்டிருந்தேன்."

வெளியே யாரோ விழுந்த மரத்தை வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். அக்கா கொப்புளம் படாமல் விரல் நுனிகளால் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிடப்போகுது. குடிச்சிட்டு மேல வா. சக்கரத்தை எந்தப் பக்கம் சுத்தணும்னு காட்டறேன்."